பழைய போனில் பிரவுசர் அப்டேட் யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் பலரின் போனில் எதுவும் உடைந்திருக்காது. பக்கம் திறக்கவில்லை, ஏதோ அப்டேட் கேட்கிறது, பிளகின் பழையது என்று வருகிறது என்பதுதான் புகார். கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. "போன் நல்லாத்தானே ஓடுது தம்பி, அப்புறம் ஏன் 'உங்கள் பிரவுசர் பழையது'ன்னு வருது?"

போனின் உடம்புக்கு ஒரு வயது, உள்ளே ஓடும் மென்பொருளுக்கு வேறொரு வயது. திரை, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் பத்து வருடம்கூட உழைக்கும். பிரவுசர் அப்படியில்லை. வங்கிப் பக்கமோ மின்கட்டணப் பக்கமோ எழுதுகிறவர்கள் இன்றைய பிரவுசருக்குத்தான் எழுதுகிறார்கள். அதிலுள்ள புதுக் கட்டளைகள் பழைய பிரவுசருக்குப் புரியாது. வெள்ளைப் பக்கமாக நிற்கும், அல்லது பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. பிரவுசர்களில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அடைத்த ஓட்டை என்னவென்று அடைப்பு வெளிவந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிடும், திருடர்களுக்கும்தான். அப்டேட் போடாத போன் அதற்கப்புறம்தான் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறது.

2. "பிளகின் அப்டேட் பண்ணச் சொல்லுது. அது என் போன்ல எங்கே இருக்கு?"

பெரும்பாலும் எங்கேயும் இல்லை. பிளகின் என்றால் பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் தனி நிரல். அதில் எல்லோருக்கும் தெரிந்தது அடோபியின் ஃபிளாஷ். ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டு போன்களிலும் அது இருந்தது. போனுக்கான ஃபிளாஷை மேலும் வளர்க்கப்போவதில்லை என்று 2011 நவம்பரில் அடோபி அறிவித்தது. 2012 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு பிளே ஸ்டோரில் புதிதாக நிறுவ முடியாமல் போனது. கணினியிலும் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் முடிந்துவிட்டது. ஐபோன் அதை எப்போதுமே உள்ளே விடவில்லை.

ஆகவே இன்று ஒரு பக்கம் 'ஃபிளாஷ் அப்டேட் செய்யுங்கள்', 'வீடியோ பிளகின் போடுங்கள்' என்று கேட்டால் அது பொய். யோசிக்காமல் மூடிவிடுங்கள். அந்தப் பெயரில் உயிரோடு எதுவும் இல்லை, அதை அப்டேட் செய்ய ஆளும் இல்லை.

இன்றைய போனில் பிளகின் இடத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று, ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ (4-ஆம் கேள்வி). இன்னொன்று, விளம்பரம் தடுப்பது போன்ற கூடுதல் வசதிக்காகச் சில பிரவுசர்களில் நாமே சேர்க்கும் சின்ன நிரலான எக்ஸ்டென்ஷன் (10-ஆம் கேள்வி).

3. "சரி, இந்த அப்டேட்டை யார்தான் அனுப்பணும்? கூகுளா, போன் கம்பெனியா, சிம் கம்பெனியா?"

எல்லாக் குழப்பமும் இங்கேதான். பத்துப் பங்காளிக்குப் பொதுவான வீட்டில் மழை ஒழுகினால் முகப்பு ஒருவர் பங்கு, வளவு இன்னொருவர் பங்கு, இரண்டாங்கட்டு வேறொருவர் பங்கு என்று ஆளுக்கொரு கதவைத் தட்ட வேண்டியிருக்கும் இல்லையா? போனும் அப்படிப் பங்கு பிரிந்த வீடுதான்.

ஆண்ட்ராய்டை எழுதுவது கூகுள். ஆனால் சாம்சங், ஷாவ்மி, விவோ போன்ற கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் மாடலுக்கு ஏற்ப மாற்றிப் போடுகின்றன. அதனால் சிஸ்டம் அப்டேட், மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டும் போன் கம்பெனியின் பொறுப்பு. குரோம் பிரவுசரும் வெப்வியூவும் கூகுளின் பொறுப்பு, பிளே ஸ்டோர் வழியாக நேரே வரும். ஃபயர்பாக்ஸ் என்றால் மொஸில்லா, சாம்சங் இன்டர்நெட் என்றால் சாம்சங். எக்ஸ்டென்ஷன் என்றால் அதை எழுதிய ஆள். நம் ஊரில் கடையில் வாங்கும் போன்களுக்கு ஜியோவோ ஏர்டெல்லோ அப்டேட் அனுப்புவதில்லை. அவர்கள் தருவது இணைப்பு மட்டும்தான்.

இந்தப் பங்கு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. ஆண்ட்ராய்டு 4.4 வரை வெப்வியூ சிஸ்டத்துக்குள்ளேயே புதைந்திருந்தது. போன் கம்பெனி முழு சிஸ்டத்தையும் புதுப்பித்தால்தான் அது புதுப்பிக்கப்படும். 4.3-க்கும் அதற்கு முந்தையதற்கும் இனி வெப்வியூ ஓட்டைகளைத் தானே அடைக்கப்போவதில்லை என்று கூகுள் எடுத்த நிலை 2015 ஜனவரியில் வெளியே தெரிந்தது. அப்போது அந்தப் பதிப்புகளில் கோடிக்கணக்கான போன்கள் ஓடிக்கொண்டிருந்தன. கூகுள் கையை விரித்தது, போன் கம்பெனிகள் புது மாடல் விற்கப் போய்விட்டன, நடுவில் மாட்டியது வாங்கியவர்தான். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-இலிருந்து வெப்வியூ பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கும்படி மாறியது. அது உண்மையிலேயே நல்ல மாற்றம். போன் கம்பெனி கைவிட்ட பிறகும் பிரவுசர் சில வருடம் புதிதாகவே இருக்க முடிவது அதனால்தான்.

4. "வெப்வியூன்னு ஒண்ணு அப்டேட் கேக்குது. நான் அதை டவுன்லோடே பண்ணலையே, எடுத்துடலாமா?"

எடுக்க வேண்டாம். ஒரு ஆப்பைத் திறந்து அதற்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் வந்தால் (ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் பக்கம் மாதிரி) அதைக் காட்டுவது வெப்வியூ. பெயர் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'. போனோடு வந்தது. நீங்கள் தொடாவிட்டாலும் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஆண்ட்ராய்டு 7, 8, 9 பதிப்புகளில் குரோமே வெப்வியூ வேலையையும் பார்க்கும். அந்தப் போன்களில் வெப்வியூ 'முடக்கப்பட்டது' என்று காட்டினால் பயப்பட வேண்டாம், குரோமை அப்டேட் செய்தால் போதும். ஆண்ட்ராய்டு 10 முதல் இரண்டும் திரும்பவும் தனித்தனி. அங்கே இரண்டையும் அப்டேட் செய்ய வேண்டும். 'நான் குரோமே பயன்படுத்துவதில்லை' என்று ஆண்ட்ராய்டு 8 போனில் குரோமை முடக்கிவிட்டு, ஆப்களுக்குள் பக்கம் திறக்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இவ்வளவு விளக்கம்.

5. "என் போன் எந்த நிலைமையில இருக்குன்னு எப்படிப் பாக்குறது?"

செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' என்ற இடத்துக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு எண் இருக்கும். அங்கேயோ பக்கத்திலோ செக்யூரிட்டி பேட்ச் (கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்) தேதி இருக்கும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால், போன் கம்பெனி உங்கள் மாடலைக் கைவிட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் குரோமின் செட்டிங்ஸில் கடைசியாக இருக்கும் 'அபவுட் குரோம்' போய் குரோம் எண்ணையும் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால் குரோம் அப்டேட் இன்னும் வரும். 8, 9 என்றால் குரோம் 138-தான் கடைசி. அது 2025-இல் வந்தது. ஆண்ட்ராய்டு 7 என்றால் 2023-இல் வந்த 119-உடன் நின்றுவிட்டது. 6-க்கு 106, 5-க்கு 95. இந்த எண்ணில் உங்கள் குரோம் நின்றிருந்தால் எத்தனை தடவை அப்டேட் பட்டனைத் தேடினாலும் வராது. போன் பழுதில்லை, அந்தக் கதவு மூடிவிட்டது.

6. "ஆட்டோ அப்டேட் ஆன்லதான் இருக்கு. ஆனா ஒண்ணுமே ஆகலையே?"

எங்களிடம் வரும் போன்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அப்டேட் கிடைக்கும் போன், ஆனால் போய்ச் சேரவில்லை. மூன்று காரணங்கள்.

முதலாவது வைஃபை. பிளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட் வழக்கமாக 'வைஃபையில் மட்டும்' என்று இருக்கும். நம் பக்கத்துக் கிராமங்களில் பலர் வீட்டில் வைஃபையே கிடையாது, எல்லாம் சிம் டேட்டாதான். அப்படியானால் அந்தப் போன் காலம் முழுக்கக் காத்துக்கொண்டே இருக்கும். வைஃபை இருக்கும் பெரிய வீடுகளில் வேறு சிக்கல். அது முகப்பில் இருக்கும், போன் சார்ஜ் ஏறுவது இரண்டாங்கட்டில் இருக்கும். நம் வீடுகளின் சுவர் கனத்துக்கு சிக்னல் அவ்வளவு தூரம் போகாது. ஆட்டோ அப்டேட் பெரும்பாலும் போன் சார்ஜில், வைஃபையில், யாரும் தொடாமல் இருக்கும்போதுதான் ஓடும். ராத்திரி சார்ஜ் போடும் இடத்தை வைஃபை பக்கத்துக்கு மாற்றியதுமே பல போன்கள் தானாகச் சரியாகிவிடுகின்றன. வைஃபை இல்லாதவர்கள் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் எந்த நெட்வொர்க்கிலும் அப்டேட் செய்யலாம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை கையால் போடுங்கள்.

இரண்டாவது இடம். 16 ஜிபி போனில் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் நிரம்பியிருந்தால் அப்டேட் இறங்க இடம் இருக்காது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் பெரிய வீடியோக்களை ஒரே இடத்தில் பார்த்து நீக்கலாம்.

மூன்றாவது கூகுள் கணக்கு. வெளியூர் போன மகன் தன் கணக்கை நீக்கிவிட்டுப் போயிருப்பார். கணக்கு இல்லாமல் பிளே ஸ்டோரைத் திறக்கவே முடியாது. பெற்றோர் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்து, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். உண்மையிலேயே பெரிய உதவி அது.

7. "மகன் அமெரிக்காவுல பயன்படுத்தின போனு. இங்க கொண்டாந்து குடுத்தான். இதுக்கு அப்டேட் வருமா?"

செட்டிநாட்டில் ரொம்பக் கேட்கப்படும் கேள்வி. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஆச்சிமார் கையிலிருக்கும் போன் பெரும்பாலும் அங்கே ஓடி முடித்தது.

அமெரிக்காவில் டெலிகாம் கம்பெனி மூலம் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் என்றால், சிஸ்டம் அப்டேட் அந்த டெலிகாம் கம்பெனியின் ஒப்புதலோடு வெளியாகும். 3-ஆம் பதிலில் சிம் கம்பெனிக்குப் பங்கில்லை என்று சொன்னது நம் ஊர் வழக்கம். அங்கே அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த சிம் இல்லாமல் இங்கே ஓடும்போது சிஸ்டம் அப்டேட் தடுமாறலாம். ஆனால் குரோமும் வெப்வியூவும் பிளே ஸ்டோரிலிருந்து வருபவை, அவற்றுக்கு எந்த நாட்டு போன் என்ற பேதம் இல்லை. 2019-க்குப் பிறகு வெளியான ஹுவாவே மாடல்கள் பலவற்றில் மட்டும் கூகுள் பிளே கிடையாது. அதற்குப் பதிலாக ஹுவாவேயின் ஆப்கேலரி இருக்கும், பிரவுசர் அப்டேட்டும் அங்கிருந்துதான்.

கொடுத்தனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கொடுப்பதற்கு முன்னால் 5-ஆம் பதிலில் சொன்ன இரண்டு எண்களையும் பாருங்கள். அப்டேட் முடிந்துபோன போனை, வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும் ஓடும் பெரியவர் கையில் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது.

8. "கடையில வாங்கும்போது யாருமே சொல்லலையே. விக்கிறவங்களுக்குப் பொறுப்பு இல்லையா?"

இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. பெட்டியின் மேல் விலை இருக்கிறது, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம் இருக்கிறது. அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கும் என்பது மட்டும் இல்லை. மாத்திரை அட்டையிலிருந்து பால் பாக்கெட் வரைக்கும் கடைசித் தேதி பார்த்து வாங்கிப் பழகிய ஜனங்களுக்கு இதையும் அச்சடித்துக் கொடுத்தால் பார்த்து வாங்கத் தெரியாதா?

பிற நாடுகளில் தொடங்கிவிட்டார்கள். பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எவ்வளவு காலம் வரும் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. கம்பெனிகளும் முடியும் என்று காட்டிவிட்டன. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் 7 வருடம் என்று அறிவித்தன. விலை குறைந்த மாடல்களுக்கு இவ்வளவு கிடைப்பதில்லை. நம் ஊரில் அதிகம் விற்பதோ அவைதான்.

அதனால் வாங்கும்போது நீங்களே கேளுங்கள்: 'இந்த மாடலுக்கு எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட்?' கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த இரண்டு வருடம் போனதுதான்.

9. "ஐபோனுக்கும் இதே கதைதானா, அண்ணே?"

அங்கே பங்காளிகள் கிடையாது. எல்லாம் ஆப்பிள்தான். ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி, ஐபோனின் சிஸ்டமான ஐஓஎஸ்ஸின் உள்ளேயே இருப்பது, தனியே அப்டேட் ஆகாது. ஐபோனில் குரோம் போட்டாலும் நம் நாட்டில் அது உள்ளே, பக்கத்தை வரைந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் என்ற நிரலைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே ஐஓஎஸ் அப்டேட் நின்றால் எல்லா பிரவுசரும் சேர்ந்து நிற்கும்.

ஆனால் நிறுத்திய பிறகும் சில சமயம் ஆப்பிள் திரும்பிப் பார்க்கிறது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில் ஐஓஎஸ் 12.5.7 வந்தது. வெப்கிட்டில் இருந்த ஓர் ஓட்டையை அடைப்பதற்காக. பாராட்ட வேண்டியதுதான். அதை நம்பி வங்கி வேலை செய்யலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

10. "குரோம்ல விளம்பரம் தடுக்குற எக்ஸ்டென்ஷன் போட முடியலை. வேற பிரவுசர்ல போட்டா, அதை யார் அப்டேட் பண்ணுவாங்க?"

போனிலுள்ள குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்காது. ஃபயர்பாக்ஸ் ஏற்கும். 2023 டிசம்பரில் போன் ஃபயர்பாக்ஸுக்கு நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களைத் திறந்துவிட்டார்கள். ஐபோனில் 2021-இன் ஐஓஎஸ் 15 முதல் சஃபாரியிலும் போடலாம்.

புது எக்ஸ்டென்ஷன் பதிப்பை எடுத்து வருவது பிரவுசர். எழுதுவது யாரோ ஒரு தனி ஆள். அவர் நிறுத்தினால் அத்தோடு முடிந்தது. பிரவுசரே நின்றுபோவதும் உண்டு. எக்ஸ்டென்ஷனுக்காகவே பலர் வைத்திருந்த கிவி பிரவுசரின் வேலை 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. கிவி இன்னும் போனில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது கை மாறுவது. கணினி குரோமில் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஓர் எக்ஸ்டென்ஷன், ரொம்பப் பிரபலம். அதை எழுதியவர் 2020-இல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். தீங்கான நிரல் சேர்ந்துவிட்டது என்று 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. அதுவரை எல்லோருக்கும் அது அப்டேட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆகவே எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் அப்டேட் வந்தால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். வங்கி வேலைக்கு எக்ஸ்டென்ஷன் இல்லாத பிரவுசர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

11. "'இணைப்பு பாதுகாப்பானதில்லை'ன்னு சிவப்பா வருது. அரசாங்க வெப்சைட்டுக்கே வருது!"

முதலில் போனில் தேதி சரியா என்று பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து எழுந்த பழைய போன்களில் சில சமயம் தேதி பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தாலே இந்தப் பிழை வரும்.

தேதி சரியென்றால் போனிலுள்ள சான்றிதழ்ப் பட்டியல் பழையதாக இருக்கலாம். ஒரு இணையதளம் உண்மையானதுதான் என்று உறுதி சொல்வது அதன் சான்றிதழ். எந்தச் சான்றிதழ் நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியல் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏராளமான இணையதளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனத்தின் சொந்த மூலச் சான்றிதழ் (அது தரும் மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படை) ஆண்ட்ராய்டு 7.1.1-இல்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் அதுவரை சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பழைய ஆண்ட்ராய்டுகளுக்காகச் செய்திருந்த தனி ஏற்பாடும் 2024 செப்டம்பர் வரைதான். பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியது போன் கம்பெனி, 3-ஆம் பதிலில் சொன்ன சிஸ்டம் அப்டேட் வழியாக. அது நின்றுவிட்டால் பட்டியலும் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 14 முதல்தான் இதையும் கூகுள் பிளே வழியாகப் புதுப்பிக்கும்படி ஆக்கினார்கள்.

ஃபயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலோடு வருகிறது. அதனால் பழைய போனில் குரோம் மறுக்கும் பக்கம் ஃபயர்பாக்ஸில் திறக்கலாம். ஆனால் 'பரவாயில்லை, தொடர்' என்ற பட்டனை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

12. "அப்ப குரோமை விட்டுட்டு ஃபயர்பாக்ஸ் போட்டா பிரச்சினை தீந்துச்சுல்ல?"

பாதி தீரும். நீங்கள் நேரே பிரவுசரில் திறக்கும் பக்கங்களுக்கு உதவும். ஆனால் ஆப்களுக்குள் திறப்பது வெப்வியூ (4-ஆம் பதில்). அது பழையதாகவே இருக்கும், அதன் இடத்தில் ஃபயர்பாக்ஸ் உட்கார முடியாது. ஆண்ட்ராய்டின் ஓட்டைகளையும் பிரவுசரால் அடைக்க முடியாது. புதுப் போனுக்குப் பணம் சேரும்வரை இடைக்கால ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. "தம்பி, பேங்க் ஆப் வெள்ளையா நிக்குது. இது பேங்க்காரன் வேலைதானே?"

சில நேரம் ஆம். ஆப்பை அப்டேட் செய்தும் வெள்ளையாக நின்றால் குரோம், வெப்வியூ இரண்டையும் அப்டேட் செய்துவிட்டுப் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகும். 'உங்கள் சாதனத்துக்கு ஆதரவு இல்லை' என்று வந்தால் வங்கி வேண்டுமென்றே பழைய ஆண்ட்ராய்டை நிறுத்தியிருக்கிறது. கோபம் வரும், ஆனால் உங்கள் பணத்துக்கு அது நல்லதுதான். இதற்காக வங்கிக் கிளையில் சண்டை போட வேண்டாம்.

14. "அப்டேட் போட்டதுலதான் எல்லா ஆப்பும் நின்னுச்சு. அதனாலதான் நான் போடுறதே இல்லை."

நடந்திருக்கிறது. 2021 மார்ச்சில் வெப்வியூவின் ஓர் அப்டேட் கெட்டதாக வந்து, ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் உலகம் முழுக்கத் திறந்ததுமே மூடிக்கொண்டன. தற்காலிகத் தீர்வு வெப்வியூவின் 'அப்டேட்டை நீக்கு' என்பது. சீக்கிரமே கூகுள் சரிசெய்து புதுப் பதிப்பை அனுப்பிவிட்டது. எப்போதோ ஒருமுறை வரும் அந்தத் தொல்லைக்காக வருடக்கணக்கில் அப்டேட்டை நிறுத்தி வைப்பது சரியான பேரம் இல்லை. பயமாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

15. "'குரோம் புது வெர்ஷன்'னு வாட்ஸ்அப்புல ஒரு ஃபைல் வந்துச்சு. போட்டா ஆகுமா?"

ஆகாது. ஆகவே ஆகாது. பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும் எந்தக் கோப்பையும் வாட்ஸ்அப்பிலிருந்து நிறுவாதீர்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் சரி, அவர் போனும் மாட்டியிருக்கலாம். போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்று பல வேஷத்தில் இது வருகிறது. வருடம் முழுக்கக் கல்யாணமும் சாந்தியும் நடக்கிற நம் ஊரில், பத்திரிகை என்றால் யாரும் சந்தேகப்படாமல் திறப்பார்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். எதையாவது நிறுவச் சொன்னால் அது பத்திரிகை இல்லை.

நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி அட்டையையும் யுபிஐயையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். போனைக் கடைக்குக் கொண்டு வருவதெல்லாம் அப்புறம்.

16. "பழைய போன்ல பணம் திருடு போனா யார் பொறுப்பு? என் தப்புன்னு சொல்லிடுவாங்களா?"

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, வங்கியின் மேலும் வாடிக்கையாளர் மேலும் குற்றமில்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த திருட்டை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்புக்குள் இழப்பு. பாஸ்வேர்டைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் சொல்லும்வரை நடந்த இழப்பு அவருடையது, சொன்ன பிறகு நடந்தது வங்கியுடையது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மேல்தான். 'உங்க போன் பழசு' என்று ஒருவர் வாயால் சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண் வாங்குங்கள்.

போன் கம்பெனியோ பிரவுசர் கம்பெனியோ அப்டேட் நிறுத்தியதற்காக நமக்குப் பணம் தரப்போவதில்லை. பிழை அவர்களுடையது, நிறுத்திய முடிவும் அவர்களுடையது, நஷ்டம் மட்டும் நம்முடையது. எனக்கு ரொம்ப வருத்தம் தரும் இடம் இதுதான். 8-ஆம் பதிலில் தேதியை அச்சிட வேண்டும் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னதும் இதனால்தான்.

17. "எங்க அப்பத்தாவுக்கு எண்பது வயசு. அவங்களா அப்டேட் பாக்கப் போறாங்க?"

பார்க்க மாட்டார்கள், அவர்கள் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வெளியூர் என்றால், வீட்டோடு இருக்கும் பேரனோ நம்பிக்கையான பக்கத்து வீட்டுப் பிள்ளையோ மாதம் ஒருமுறை பிளே ஸ்டோரில் 'அனைத்தையும் புதுப்பி' அழுத்தினால் போதும். பிள்ளையார்பட்டிக்கு சதுர்த்திக்குப் போகிற வீடு என்றால் அன்றைக்கே பார்த்துவிடலாம், தேதி மறக்காது. வெளியூர்ப் பிள்ளைகள் வீடியோ காலில் திரையைப் பகிரச் சொல்லி வழிகாட்டலாம். ஆனால் திரையைப் பகிரச் சொல்லி முன்பின் தெரியாதவர் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள்.

18. "அப்டேட் நின்னுபோச்சுன்னா போனைத் தூக்கிப் போட்டுற வேண்டியதுதானா?"

வேண்டாம். அதிலிருந்து வங்கி ஆப்கள், யுபிஐ, முக்கிய மின்னஞ்சல் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். வங்கி ஓடிபி வரும் சிம்மையும் வேறு போனுக்கு மாற்றுங்கள். அதற்கப்புறம் பாட்டு, வானொலி, பேசுவது என்று தாராளமாகப் பயன்படுத்தலாம். பேட்டரி வீங்கியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்றுங்கள்.

வேறு யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் கூகுள் கணக்கை போனிலிருந்து நீக்குங்கள், ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் நிலைக்குக் கொண்டு வருவது) அதற்குப் பிறகு. நீக்காமல், செட்டிங்ஸுக்குள் போகாமல் பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரிகவரி வழியாக ரீசெட் செய்தால், வாங்கியவர் கையில் போன் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?